உருக்க வந்த புத்தர்

கோவில்பட்டியில் முகம் உள்ள வெள்ளியை உருக்க வேண்டுமென்றால் மஸ்தானிடம்தான் போக வேண்டும். ஊரில் வேறு உருக்குப் பட்டறைகள் இல்லாமல் இல்லை. பழைய கொலுசு, அரைஞாண் கொடி, நெளிந்த தம்ளர் என்றால் யார் வேண்டுமானாலும் வாங்கி அடுப்பில் போட்டுவிடுவார்கள். கண்ணும் மூக்கும் வாயுமாக ஏதாவது வந்தால்தான் வம்பு. அவர்களுக்குக் கை வராது. நேர்ச்சைக்குச் சாத்திய அம்மன் முகம், கண்மலர், பிள்ளை வரம் கிடைத்தவர்கள் கொடுத்த பொம்மைப் பிள்ளை எல்லாம் நாலு பட்டறை சுற்றிவிட்டுக் கடைசியில் மஸ்தானிடம் வந்து சேரும். "ஒங்களுக்கென்ன பாய், போட்டுருவீய" என்று கொடுத்துவிட்டு, வந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பாவத்தை அடுத்தவன் தலையில் கட்ட இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது.

மஸ்தானுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. முப்பத்தோரு வருடமாக இதுதான் தொழில். வந்த முகத்தைப் பட்டடைக் கல்லில் வைத்துச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டுவார். சப்பையாகிவிடும். அப்புறம் அது அம்மனுமில்லை, பிள்ளையுமில்லை, வெறும் தகடு. அதை மூசையில், அதாவது உலோகம் உருக்கும் அந்தக் கனத்த மண்குப்பியில், போட்டு அடுப்பில் இறக்கிவிட்டால் கால் மணி நேரத்தில் எல்லாம் ஒரே தண்ணீர். ஒரு நிபந்தனை மட்டும் வைத்திருந்தார். பொருளைக் கொண்டுவந்தவர் கட்டி ஊற்றி முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். முகத்தை எப்படித் திருப்பிக்கொண்டாலும் சரி, ஆள் அங்கே இருக்க வேண்டும். அவர் பட்டறைக்குள் வந்த எந்தப் பொருளும் மாறியதில்லை, உருகாமல் திரும்பியதுமில்லை. அந்தப் பெயருக்குத்தான் மதுரையிலிருந்துகூட ஆள் வந்தது.

ஆடிக் காற்று சந்து முழுக்கப் புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், நேசம்மாள் டீச்சர் கையில் ஒரு தூக்குவாளியுடன் வந்தார். கழுகுமலையில் முப்பது வருடம் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அறுபத்திரண்டு வயதிலும் கரும்பலகை முன் நிற்பது போலவே நிமிர்ந்து நிற்பார். மஸ்தானின் அக்கா பிள்ளைகள் இரண்டு பேர் அவரிடம் குட்டு வாங்கியவர்கள். அந்த மரியாதையில் மஸ்தான் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

டீச்சர் உட்காரவில்லை. தூக்குவாளியைத் திறந்து, பழைய வெள்ளைத் துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். இதை உருக்க வேண்டும், இன்றைக்கே, தான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என்றார். சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

மஸ்தான் பழக்க தோஷத்தில் இடது கையால் துணியை உருவிக்கொண்டே வலது கையால் சுத்தியலை எடுத்தார். பொருளைப் பட்டடைமேல் படுக்க வைத்தார். சுத்தியல் மேலே போயிற்று. போனது அங்கேயே நின்றுவிட்டது.

முக்கால் சாண் உயரம் இருக்கும். கால்களை மடித்துப் போட்டு உட்கார்ந்திருக்கும் புத்தர். இடது கை மடியில் விரிந்து கிடந்தது. வலது கை முழங்காலைத் தாண்டித் தொங்கி, விரல் நுனிகள் பூமியைத் தொட்டுக்கொண்டிருந்தன. வெள்ளி வயதாகிக் கறுத்துப் போயிருந்தது. மூக்கு நுனியும் முழங்காலும் அந்த விரல்களும் மட்டும் வெளுப்பாக மின்னின. எத்தனையோ பேர் தொட்டுத் தொட்டு அங்கே கறுப்பு ஏறவே விடவில்லை என்று மஸ்தானுக்குப் புரிந்தது.

சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு லென்ஸை எடுத்துக் கண்ணில் மாட்டினார். இது அச்சில் ஊற்றி எடுத்த வார்ப்பு இல்லை. தகட்டை உள்ளேயிருந்தும் வெளியேயிருந்தும் தட்டித் தட்டி எழுப்பியது. ஓர் அடி கூடினால் தகடு கிழிந்துவிடும், ஓர் அடி குறைந்தால் முகம் வராது. தலைமுடி ஒவ்வொரு சுருளும் தனித்தனியாக நின்றது. தொட்டுக்கொண்டிருக்கும் விரலுக்கு நகம் இருந்தது. நகத்துக்கு அடியில் சதை இருந்தது. யாரும் பார்க்காத முதுகுப் பக்கம் திருப்பினார். அங்கேயும் போர்வையின் மடிப்பு, முன்னால் உள்ளதைப் போலவே, ஒரு குறையும் இல்லாமல் இறங்கி வந்தது. மஸ்தானுக்கு மயிர்க்கூச்செறிந்தது. தானும் வெள்ளியைத் தொட்டுப் பிழைக்கிறவன்தான் என்று சொல்லிக்கொள்ள அந்த நிமிடத்தில் அவருக்கு வெட்கமாக இருந்தது.

பக்கத்து வெள்ளிக்கடை ராஜமணி, சந்தில் யார் தும்மினாலும் எட்டிப் பார்க்கிற ஆள், அதற்குள் வந்து நின்றுவிட்டார். பார்த்ததும் செருப்பைக் கழற்றினார். எதற்குக் கழற்றினோம் என்று அவருக்கே தெரியவில்லை.

டீச்சர் சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொன்னார். அவருடைய அப்பா சாம்ராஜ், ஜப்பான் சண்டைக் காலத்தில் ரங்கூனிலிருந்து நடந்தே வந்தவர். அப்போது வயது ஒன்பது. கிளம்புவதற்கு முன் மூன்று நாள் அவர்களை வீட்டில் ஒளித்து வைத்துச் சோறு போட்ட ஒரு பர்மாக்கார அம்மாள், தான் தினமும் பூ வைத்துக் கும்பிட்ட இந்தச் சிலையைப் பையன் கையில் கொடுத்து, வழியில் பசித்தால் விற்றுச் சாப்பிடுங்கள் என்று சொல்லியிருக்கிறாள். வழியில் பசித்தது. காட்டுக் கிழங்கைத் தின்றார்கள். விற்கவில்லை. ஜெபக்கூட்டம் நடக்கிற கிறிஸ்தவ வீட்டில் சிலையை எங்கே வைப்பது? அப்பா அதைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருந்தார். சாகும்போது மகளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டார்.

"பட்டினி கெடந்தப்பவே விக்கல, நேசம். நீயும் வித்துராத. கும்பிட்ட வெள்ளி அது."

அந்த வார்த்தைக்கு இப்போது ஆபத்து வந்திருந்தது. டீச்சரின் தம்பி கிங்ஸ்டன் சென்னையில் நல்ல வேலையில் இருப்பவர். போன மாதம் வந்தபோது சிலையைப் படம் எடுத்துப் போனார். பழம்பொருள் சேகரிக்கிற ஒரு பெரிய மனிதர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத் தூக்கமில்லாமல் இருக்கிறாராம். இரண்டு பேரும் இன்றைக்கே விமானத்தில் மதுரைக்கு வந்து, அங்கிருந்து காரில் வருகிறார்கள். டீச்சருக்கு அடுத்த மாதம் இருதயத்தில் அறுவை சிகிச்சை. தான் முடியாது என்று இன்றைக்குத் துரத்திவிட்டாலும், தனக்கு ஒன்று என்றால் மறுநாளே சிலை கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விடும். கழுகுமலை சபைக்குத் திருவிருந்துக் கிண்ணம் வெள்ளியில் செய்ய வேண்டும் என்று போதகர் கேட்டிருந்தார். டீச்சர் யோசித்தார். கணக்கு டீச்சர் அல்லவா, கணக்கு நேராகத்தான் வந்தது. கும்பிட்ட வெள்ளி, கும்பிடுகிற இடத்துக்கே போகட்டும். கிண்ணமாகிவிட்டால் யாரும் விற்க முடியாது.

எல்லாம் சரிதான். ஆனால் சுத்தியலைத் தூக்க மஸ்தானால் முடியவில்லை.

தட்டவே வேண்டாம், அப்படியே மூசையில் இறக்கிவிடலாம் என்று முதலில் சொல்லிப் பார்த்தார். பிறகு கரி ஈரமாக இருக்கிறது என்றார். ஆடி மாதத்துக் கோவில்பட்டியில் கரி ஈரமாம். ராஜமணிக்கே சிரிப்பு வந்துவிட்டது. டீச்சர் ஒரு துண்டுக் கரியை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, வகுப்பில் வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தவனைப் பார்ப்பது போல மஸ்தானைப் பார்த்தார்.

கடைசியில் மஸ்தான் மனதில் இருப்பதைச் சொல்லிவிட்டார். எடைக்கு எடை தன் சொந்த வெள்ளியைத் தருவதாகவும், கிண்ணத்தை அதில் செய்துகொள்ளலாம் என்றும், இந்தச் சிலையைத் தன்னிடம் விட்டுவிடும்படியும் கேட்டார்.

டீச்சர் கோபப்படவில்லை. "இத வச்சு நீங்க என்ன செய்வீய பாய்?" என்று கேட்டார்.

மஸ்தான் யோசித்தார். வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. கண்ணும் மூக்கும் உள்ள காலண்டரைக்கூட மனைவி ஜரினா சுவரில் மாட்ட விடமாட்டாள். பட்டறையில் வைத்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். விற்கப் போவதில்லை. கும்பிடவும் போவதில்லை. அப்படியானால் எதற்கு?

"தெரியல டீச்சர்," என்றார். "என் கையால வேண்டாம்னு தோணுது. அவ்வளவுதான்."

அப்படியே அந்தப் பெரிய மனிதரிடம் போனால்தான் என்ன, கண்ணாடிக்குள் இருந்தாலும் நாலு பேர் பார்ப்பார்களே என்று ராஜமணி தயங்கித் தயங்கிக் கேட்டார். பார்ப்பது வேறு, கும்பிடுவது வேறு என்று டீச்சர் அதை ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அந்த நேரத்தில் கிங்ஸ்டனின் போன் வந்தது. டீச்சருக்கு ஒளிவு மறைவு தெரியாது. மஸ்தான் பட்டறையில் இருக்கிறேன், உருக்கப் போகிறேன் என்று அப்படியே சொன்னார். மறுமுனையில் தம்பி பதறுவது மேசைக்கு இந்தப் பக்கம்வரை கேட்டது. போனைப் பட்டறைக்காரரிடம் கொடு என்று கெஞ்சினார். மஸ்தான் வாங்கிக் காதில் வைத்தார். அண்ணாச்சி, மதுரையை விட்டுக் கிளம்பிவிட்டோம், ஒரு மணி நேரம் தாமதப்படுத்துங்கள், அது போனால் இன்னொன்று இந்த உலகத்தில் கிடையாது, அக்கா பிடிவாதத்துக்கு அதைக் கொன்றுவிடாதீர்கள் என்றார் கிங்ஸ்டன். அந்தக் குரலில் பேராசை இல்லை. உண்மையான வேதனை இருந்தது. மஸ்தான் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

ஆனால் அவர் மனது கிங்ஸ்டன் பக்கம் சாய்ந்துவிட்டது. இதை யாராவது வந்து தன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனால் தேவலை என்றிருந்தது. ஒரு மணி நேரத்தை எப்படி ஓட்டுவது? தொழிலிலேயே அதற்கு வழி இருந்தது. பழைய தண்டை, காப்பு போன்றவற்றுக்குள் அரக்கு அடைத்திருப்பார்கள். உருக்குவதற்கு முன் மெல்லிய தீயில் வாட்டி அந்த அரக்கை இறக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் புகையும் கசடுமாக வெள்ளி கெட்டுப்போகும். இந்தச் சிலை தட்டிப் பார்த்தால் மந்தமாகத்தான் ஒலித்தது. உள்ளே ஏதோ இருக்கிறது. டீச்சர், அரக்கு இறக்காமல் உருக்கக் கூடாது, கொஞ்ச நேரம் பிடிக்கும் என்றார் மஸ்தான். அது பொய்யில்லை. ஆனால் அவ்வளவு நேரம் பிடிக்காது என்பதை அவர் சொல்லவில்லை. முப்பத்தோரு வருடத் தொழிலில் அதுதான் அவர் செய்த முதல் திருட்டு.

அடுப்பை மூட்டி மூசையை வைத்துவிட்டு, ஊதுகுழலை எடுத்துச் சின்னத் தீயாக ஊத ஆரம்பித்தார். பீடத்தைச் சுற்றி, முதுகைச் சுற்றி, அவசரமே இல்லாமல். வெயில் ஏறியது. வெளியே காற்று தகரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. டீச்சர் மடியில் கையைக் கோத்துக்கொண்டு கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அரக்கு இளகும் வாசனை வந்தது. அதோடு கூடவே இன்னொரு வாசனையும் வந்தது. சந்தனமா, எந்த ஊர்ப் பூவா, எந்தக் காலத்து ஊதுபத்தியா என்று தெரியவில்லை. மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள்.

காதுக்குக் கீழே தொடங்கி இடுப்பு வழியாகப் பீடம்வரை ஒரு மயிரிழைக் கோடு தெரிந்தது. அதுவரை லென்ஸுக்கே தட்டுப்படாத இணைப்பு. அடித்தகடு முதலில் விழுந்தது. பிறகு முதுகுத்தகடு தானாகக் கழன்று குறட்டில் வந்தது. உள்ளே கறுப்பாக ஒரு கட்டி, அரக்குப் பூச்சோடு முன்தகட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. மஸ்தான் இன்னும் கொஞ்சம் வாட்டி, முன்தகட்டை அந்தக் கட்டியிலிருந்து மெல்ல உரித்தெடுத்தார். கட்டியை ஓரமாகக் குப்புற வைத்துவிட்டு, உள்பக்கம் அரக்கு ஏதும் மிச்சமிருக்கிறதா என்று பார்க்கத் தகட்டைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார்.

உள்ளேயிருந்து ஒரு முகம் அவரைப் பார்த்தது.

குழிந்த முகம்தான். மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம், கன்னம் இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம். அது மஸ்தானுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் கண் அதை ஒப்புக்கொள்ளவில்லை. மேடான, முழுமையான, சுத்தியல் படாதது போன்ற ஒரு முகம் தகட்டுக்குள்ளிருந்து வெளியே வந்து நின்றது. அவர் இடது பக்கம் நகர்ந்தார். முகம் இடது பக்கம் திரும்பியது. வலது பக்கம் போனார். அதுவும் கூடவே வந்தது. கண்கள் பாதி மூடியவைதான், இருந்தாலும் அவர் போகிற இடத்துக்கெல்லாம் முகம் திரும்பியது. வெளியே கறுத்துப் போயிருந்த வெள்ளி, உள்ளே நேற்றுத் தட்டியது போல வெள்ளை வெளேரென்று இருந்தது.

"யா அல்லா" என்றார் மஸ்தான்.

ராஜமணி வாங்கிப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனார். பின்னால் போன பிறகும் அது தன்னையே பார்க்கிறது என்றார். டீச்சர் எழுந்து வந்தார். மஸ்தான் அவருக்கு நேராகத் தகட்டைப் பிடித்தார். டீச்சர் தலையை மெல்ல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்தார். குழிவு மேடாகத் தெரிவது கண்ணின் வேலை, வெளிச்சத்தின் வேலை என்று அவருக்குத் தெரியாமலிருக்காது. அதைச் சொல்லவும் வாயெடுத்தார். சொல்லவில்லை. கையைக் கூப்பப் போய், நிறுத்தி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மஸ்தானுக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. அலமாரித் தட்டில் நேற்றுக் கொடுத்தவர் திரும்பி வந்து எதிரே உட்காரும்வரை தட்டாமல் கிடந்த அம்மன் முகங்கள் ஏழெட்டு இருந்தன. மெஷினில் அழுத்தி எடுக்கிற மலிவுச் சரக்கு. ஒன்றை எடுத்துத் திருப்பினார். அதுவும் பார்த்தது. இன்னொன்றை எடுத்தார். அதுவும். ஒவ்வொன்றாகத் திருப்பி மேசையில் வரிசையாக அடுக்கினார். எல்லா முகங்களும் அவரைப் பார்த்தன. அவர் நகர்ந்தபோது எல்லாம் சேர்ந்து திரும்பின. இந்த மேசையில், இந்த வெளிச்சத்தில், எத்தனை ஆயிரம் முகங்களைத் திருப்பிப் பார்க்காமலே சப்பையாக்கியிருக்கிறோம் என்று அப்போதுதான் நினைத்தார். அப்படியே பட்டடைக் கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் கறுப்புக் கட்டியை எல்லோரும் மறந்துவிட்டார்கள். டீச்சர்தான் அதை எடுத்தார். சூடு ஆறியிருந்தது. மேலே படிந்திருந்த அரக்கு, மிட்டாய்த் தாளைப் போலப் பொரிந்து உதிர்ந்தது. டீச்சர் முந்தானையால் துடைத்தார். துடைக்கத் துடைக்க அவர் கை நிதானமாகிக்கொண்டே வந்தது. பிறகு அதை நிமிர்த்தி மேசைமேல் உட்கார வைத்தார்.

அங்கே இன்னொரு புத்தர் இருந்தார். வெள்ளியில் இருந்த அதே அமர்வு, மடியில் அதே கை, பூமியைத் தொடும் அதே விரல்கள். கறுப்பாக, சின்னதாக, வெள்ளியில் இருந்ததைவிடச் சாந்தமாக. மஸ்தான் நகத்தால் அடிப்பக்கம் சுரண்டிப் பார்த்தார். அரக்கில்லை. களிமண்ணும் சாம்பலும் குழைத்து, காயவைத்து, கோடையில் இறுகிய கரிசல் கட்டி போல ஆகியிருந்தது. எவனோ ஒருவன் முதலில் மண்ணில் இவரைச் செய்திருக்கிறான். விரலுக்கு நகம் வைத்திருக்கிறான். தலையில் ஒவ்வொரு சுருளாக உருட்டி வைத்திருக்கிறான். எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டு, இனி ஒரு கண்ணும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தே வெள்ளியைப் போர்த்தி மூடியிருக்கிறான். ரங்கூன் அம்மாள் பார்த்ததில்லை. சாம்ராஜ் பார்த்ததில்லை. இத்தனை காலத்துக்குப் பிறகு, கோவில்பட்டியில் ஒரு புழுதிச் சந்தில், மூன்று பேர் பார்க்கிறார்கள்.

ராஜமணி அழுதுகொண்டிருந்தார், வெட்கமில்லாமல்.

முதலில் பேசியது மஸ்தான்தான். இணைப்பு சுத்தமாகத்தான் பிரிந்திருக்கிறது, மறுபடி போர்த்தி ஒட்டிவிடலாம், தன்னால் முடியும், ஒரு சுவடு தெரியாது என்று படபடவென்று சொன்னார். டீச்சர் மண் புத்தரைப் பார்த்தார். கழற்றி வைத்திருந்த வெள்ளித் தகடுகளைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கணக்குப் போடுகிற முகம் வந்தது.

"ஒட்ட வேண்டாம் பாய். வெள்ளிய அடுப்புல போடுங்க."

"டீச்சர், அந்த மூஞ்சிய எப்படி..."

"போடுங்க. தம்பி வாரதுக்குள்ள."

மஸ்தான் அசையவில்லை. தன் கை வராது என்றார். இத்தனை வருடம் எல்லோரும் அவரிடம் சொன்னதைத்தான் சொல்கிறோம் என்று அவருக்கு அப்போது தோன்றவில்லை. ராஜமணி எப்போதோ வாசலுக்குப் போய்விட்டார். டீச்சர் வந்து, அடுப்பருகே கிடந்த குறட்டைத் தானே எடுத்தார். அடித்தகட்டையும் முதுகுத்தகட்டையும் மூசையில் போட்டார். பாடம் நடத்திய கை, பழக்கமில்லாத கை. குறடு ஆடியது. சூட்டில் முகம் சிவந்தது. முன்தகட்டை எடுக்கப் போனபோது குறட்டிலிருந்து நழுவி விழப் பார்த்தது. மஸ்தான் பாய்ந்து பிடித்தார்.

"விடுங்க டீச்சர். நான் போடுதேன்."

தட்டவில்லை. நெளிக்கவில்லை. கசடு பிரிக்கும் வெங்காரப் பொடியைத் தூவினார். உள்ளே முதுகுத்தகடு உருகிக் கண்ணாடியாக மினுங்கத் தொடங்கியதும், பிஸ்மில்லா சொல்லி, முன்தகட்டைப் பீடப் பக்கமாகக் கீழே விட்டு மூசையில் நிறுத்தினார். குழிந்த பக்கம் அவரை நோக்கி இருந்தது. தலை மூசையின் விளிம்புக்கு மேலே நின்றது. மடித்த கால்கள் முதலில் கரைந்தன. பிறகு மடி. பிறகு அந்த விரல்கள். முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டே அவரைப் பார்த்தது. கரி தள்ள இந்தப் பக்கம் வந்தார், முகம் திரும்பியது. அந்தப் பக்கம் போனார், திரும்பியது. மஸ்தான் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் அது பெரிய துரோகம் என்று அவருக்குப் பட்டது. முகம் சிவந்தது, வெளுத்தது, மோவாய்வரை அமிழ்ந்தது. ஒரு கணம் வெள்ளித் தண்ணீருக்கு மேல் நெற்றியும் பாதி மூடிய இமைகளும் மட்டும் இருந்தன. அப்புறம் எதுவும் இல்லை. மூசைக்குள் வெளிச்சம் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

கட்டியை ஊற்றினார். தண்ணீரில் போட்டுச் சீறவிட்டு எடுத்து, துடைத்து, டீச்சர் முன்னால் வைத்தார். தன் கன்னம் நனைந்திருப்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. டீச்சர் கட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். மஸ்தான் மேசைமேல் இருந்த மண் புத்தரை இரண்டு கைகளாலும் எடுத்தார். ஏன் எடுத்தார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தராசில் வைக்கவோ அடுப்பில் போடவோ அல்லாமல், ஒரு முகத்தை அவர் கையில் எடுத்தது அதுதான் முதல் தடவை.

போன் அடித்தது. டீச்சர் எடுத்தார். கிங்ஸ்டனின் குரல் இரைந்துகொண்டு வந்தது.

"அக்கா, சாத்தூர் தாண்டிட்டோம். ஏதாச்சும் மிச்சம் இருக்கா?"

டீச்சர், மஸ்தானின் கையில் இருந்தவரைப் பார்த்தார்.

"வெள்ளி கட்டியாயிட்டு, தம்பி. மண்ணுதான் மிச்சம்."

அந்தப் பக்கம் நீண்ட மூச்சு ஒன்று கேட்டது. பின்னால் வேறு ஒருவர் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். கிங்ஸ்டன் அவருக்குப் பதில் சொன்னார். பிறகு, சரி அக்கா, அப்படியானால் அவர் வரவில்லை என்கிறார், இப்படியே மதுரைக்குத் திரும்புகிறோம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

வெள்ளியை எதற்காக அவ்வளவு அவசரமாக அடுப்பில் போடச் சொன்னார் என்று மஸ்தானுக்கு அப்போதுதான் விளங்கியது. இனிமேல் இந்த மண் புத்தருக்கு விலை இல்லை. இவரைத் தேடி ஒருவரும் காரில் வரப்போவதில்லை.

டீச்சர் முந்தானையை விரித்து நீட்டினார். கொடுக்க மஸ்தானுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.